ஆறே முக்கால் லட்சம் கேட்ட தேங்காய்

இந்தக் கதை நடந்த நாட்களில், வெள்ளிக்கிழமை காலையில் செம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் கல்யாண மண்டபத்துக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கையில் தேங்காயோடு நடக்கிறவர்களுக்குப் பின்னால் நடந்தால் போதும். மண்டபத்தில் கல்யாணம் எதுவும் கிடையாது. ‘அடுப்படிச் சித்தர்’ பழனிக்குமார் அதை வாராவாரம் வாடகைக்கு எடுத்திருக்கிறார். உங்கள் வீட்டுச் சமையலறையை இடித்துப் புதுசாகக் கட்ட எவ்வளவு செலவாகும் என்பதை அங்கே தெரிந்துகொள்ளலாம். அதைச் சொல்வது சித்தர் இல்லை, தேங்காய்.

சிரிக்க வேண்டாம். ஒரு வாரம் ஒரு வங்கி மேலாளருக்கே டோக்கன் கிடைக்கவில்லை. ஊரில் யாருக்குக் கடன் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டே தலை நரைத்தவர் அவர். தன் வீட்டுச் சிங்க்குக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று தெரியாமல் தேங்காயிடம் வந்து நின்றார். சந்தையில் ஒரு கிலோ தக்காளிக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் வழக்காடுகிறவர்கள் எல்லாம் இங்கே வாயைப் பொத்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். தேங்காயிடம் பேரம் பேசுவது மரியாதையில்லை அல்லவா.

இந்தப் பக்கத்து மக்களுக்குத் தேங்காய் வித்தை புதிதும் இல்லை. போர்க்கிணறு போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்க ஓர் ஆளைக் கூட்டி வருவார்கள். அவர் உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடப்பார். அடியில் தண்ணீர் இருந்தால் தேங்காய் குடுமியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கும். அந்த இடத்தில் துளை போட்டுத் தண்ணீர் வந்தால் அது தேங்காயின் மகிமை. வராவிட்டால் நிலத்துக்காரரின் ஜாதகக் கோளாறு. தேங்காய் தோற்றதாக இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்த பழனிக்குமாரும் முன்பு இந்த நீரோட்டத் தொழிலில்தான் இருந்தார். வரிசையாகச் சில போர்களில் வெறும் புழுதி பறந்தது. நிலத்துக்காரர்கள் அவரை விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அவர் கொஞ்ச காலம் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது முகத்தில் தாடி இருந்தது, கழுத்தில் படிகமாலை இருந்தது, கையில் அதே தேங்காய் இருந்தது. போர் போடும் தொழிலில் ஒரு சங்கடம் என்னவென்றால், நானூறு அடி தோண்டினால் உண்மை வெளியே வந்துவிடும். அடுப்படியை யாரும் அவ்வளவு ஆழம் தோண்டுவதில்லை.

ஆகவே அவர் ஒரு விஞ்ஞானத்தைக் கண்டுபிடித்தார். பூமிக்கு அடியில் நீரோட்டம் இருப்பதுபோல வீட்டுக்கு அடியில் அக்னியோட்டம் இருக்கிறதாம். அந்த ஓட்டம் எவ்வளவு பலமோ அவ்வளவு பணத்தை அடுப்படி கேட்குமாம். கேட்டதைக் கொடுக்காமல் குறைத்துக் கட்டினால், சமைக்கிறவள் கை சாப்பிடுகிறவன் வயிற்றுக்கு ஆகாதாம். தீ ஓடுகிற தரையில் இத்தனை காலமாக வெறுங்காலோடு நடந்தும் ஒருவருக்கும் ஏன் சுடவில்லை என்று மண்டபத்தில் யாரும் கேட்கவில்லை. டோக்கன் வாங்கியவர்கள் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

முறை இதுதான். டோக்கன் போட்ட வீட்டுக்கு முதலில் பிரபு என்பவர் வந்து சமையலறையை அளந்துவிட்டுப் போவார். பைபாஸ் ரோட்டில் இருக்கும் ‘ஸ்ரீ அக்னி மாடுலர் கிச்சன்’ கடையின் ஆள் அவர். அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் தன் அடுப்படி மண்ணில் ஒரு பிடியும், ஒரு தேங்காயும் கொண்டு மண்டபத்துக்கு வரவேண்டும். டைல்ஸ் தரைக்காரர்கள் தூசியைக் கூட்டிப் பொட்டலம் கட்டி வருவார்கள். சித்தர் மண்ணைக் காலடியில் போட்டுக்கொள்வார், தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைப்பார், “ஒரு லட்சம்... ஒண்ணே கால்... ஒண்ணரை...” என்று ஏலக்காரரைப்போல் ஏற்றிக்கொண்டே போவார். ஏதோ ஒரு தொகையில் தேங்காய் எழுந்து நிற்கும். அதுதான் உங்கள் பட்ஜெட். வேலையை யாரிடம் கொடுப்பது என்ற குழப்பமும் உங்களுக்கு வேண்டாம். அக்னியோட்டம் தெரிந்த கடை மாவட்டத்திலேயே ஒன்றுதான்.

இதில் மக்களை மயக்கியது ஒரே ஒரு விஷயம். இரண்டு லட்சம் சேர்த்து வைத்திருப்பவருக்குத் தேங்காய் இரண்டில் நின்றது. சீட்டுப் பணம் மூன்றே கால் எடுத்தவருக்கு மூன்றே காலில் நின்றது. எந்த அடுப்படியும் வீட்டுக்காரரால் முடியாத தொகையைக் கேட்கவில்லை. முடிந்த தொகையில் ஒரு ரூபாயை மிச்சம் வைக்கவும் இல்லை. இவ்வளவு நாசூக்கான அடுப்படிகள் நம் மாவட்டத்தில் இருப்பதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

ஆத்தூர் சண்முகவள்ளிக்குப் புல்லரிக்கவில்லை. அவருக்கு நெற்றியில் வலித்தது.

சண்முகவள்ளி நல்ல உயரம். அவர் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டின் சமையலறையோ, தாழ்வாரத்தை அடைத்து ஆஸ்பெஸ்டாஸ் போட்டது. கல்யாணம் முடிந்து அடுப்பு மூட்டப் போன முதல் நாளே உத்திரம் அவர் நெற்றியில் இடித்தது. அன்றிலிருந்து குனிந்தேதான் சமைக்கிறார். சித்திரை மாதத்தில் அந்தக் கூரைக் கொதிப்பில் குழம்பு வைப்பவருக்கு வேறு அக்னியோட்டம் தேவையில்லை. நிமிர்ந்து நின்று ஒரு வெஞ்சனம் தாளிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய ஆசை. கத்தரிக்காய் விற்ற பணமும் பால் பணமும் சேர்த்து அதற்காக ஒன்றே முக்கால் லட்சம் வைத்திருந்தார்.

பட்ஜெட்டையும் அவரே போட்டு முடித்திருந்தார். முதலில், எது இல்லாவிட்டால் சமைக்க முடியாது என்று யோசித்தார். பிறகு, எது பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டுவதற்கு மட்டும் என்று யோசித்து அதையெல்லாம் தள்ளினார். சுவரை உயர்த்திக் கூரை மாற்றுவது முதல் செலவு. மேடைக்குக் கிரானைட், அலமாரிக்கு மலிவான கடப்பாக் கல் போதும். கதவு போட்ட அலமாரிகள் அடுத்த வருடக் கத்தரிக்காயில் பார்த்துக்கொள்ளலாம். பேகம்பூரில் தப்ரேஸ் பாய் கடைக்குப் போய்ச் சிங்க், குழாய், டைல்ஸ் எல்லாவற்றுக்கும் விலை கேட்டுவந்தார். கொத்தனார் கருப்பணன் கூலியும் சாமானும் சொன்ன தொகைக்கு மேல் இருபதாயிரம் தனியாக எடுத்து வைத்தார். சொன்ன தொகையில் வேலையை முடித்த கொத்தனாரை அவர் இதுவரை பார்த்ததில்லை.

எல்லாம் ஒன்றே முக்காலுக்குள் அடங்கியது. நாளை வேலை தொடங்கலாம். குறுக்கே நின்றவர் அவருடைய கணவர் ராமர்.

“தேங்காயைக் கேக்காம எப்பிடி?” என்றார் ராமர்.

அவர் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. அவர் தோட்டத்தில் போர் போட்டபோது தேங்காய் காட்டிய இடத்தில் நூறு அடியிலேயே தண்ணீர் பீறிட்டதாம். ஆத்தூரில் அணைக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்துக்கொண்டு, தண்ணீர் வந்தது தேங்காயால் என்கிறார். அந்த ஊரில் பந்தக்கால் நடத் தோண்டினாலே குழியில் தண்ணீர் ஊறும். சண்முகவள்ளி இதைச் சொல்லிப் பார்த்தார். ராமர் டோக்கனைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பிரபு வந்தார். சிவப்பு வெளிச்சம் அடிக்கும் கருவியால் சுவரை அளந்தார். அதற்கு ஆன நேரத்தைவிட அதிக நேரம் டீ குடித்தார். அண்ணனும் அக்காவும் எவ்வளவு யோசனை வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். தன் வீட்டுக் கணக்கை வெளியாளிடம் சொல்வதில் ராமருக்குக் கூச்சம் கிடையாது. ஒன்றே முக்கால் என்று சொன்னார். சொன்னதும் அது அவருக்கே கொஞ்சம் கேவலமாகப் பட்டது. பின்பக்கம் கை நீட்டினார்.

“அந்தா கெடக்கு பாருங்க தோப்பு, பத்து சென்ட்டு. குடுத்தா அஞ்சு லட்சத்துக்குக் குறையாது. நாங்க ஒண்ணும் இல்லாதப்பட்டவுக இல்ல தம்பி.”

அந்தத் தோப்பு சண்முகவள்ளிக்கு அவருடைய அப்பா எழுதிக் கொடுத்தது. அதை விற்பதாக யாரும் பேசியதில்லை. அஞ்சு லட்சம் என்று எந்த நிலத்தரகரும் சொன்னதில்லை. ராமரின் வாயில் அந்த நிமிடத்தில் பிறந்த தொகை அது. பிரபு டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு நல்ல பிள்ளை.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் சித்தர் ராமரின் அடுப்படி மண்மேல் நின்று எண்ணத் தொடங்கினார். ஒன்றே முக்காலைத் தாண்டினார். தேங்காய் அசையவில்லை. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. ஆறே முக்கால் என்றதும் தேங்காய் எழுந்தது.

“ஏனுங்கண்ணா, உங்க அடுப்படி ரொம்ப வருசமாப் பட்டினி கெடக்குதுங்க,” என்றார் சித்தர். “ஆறே முக்கால் கேக்குதுங்க. ஒத்த ரூபா கொறச்சீங்கன்னா அந்தம்மணி கையால சாப்புடற சோறு உங்களுக்குச் செரிக்காதுங்க.”

ஒன்றே முக்காலும் அஞ்சும் ஆறே முக்கால். ராமருக்குக் கண் கலங்கிவிட்டது. தோப்பு இருப்பதும், அதன் விலையும் தேங்காய்க்குத் தெரிந்திருக்கிறது. தெய்வம் இதைவிட எப்படிப் பேசும்? வீட்டுக்கு வரும் வழியிலேயே நிலத்தரகருக்குப் போன் போட்டார். ஒரு தேங்காய் சொன்னதற்காகத் தென்னந்தோப்பை விற்கக் கிளம்பிய முதல் மனிதர் என்ற பெருமை அவருக்கே சேரும்.

தரகர் வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்தார். மூன்று லட்சம், அதற்குமேல் ஒத்த ரூபாய் ஏறாது என்று சொல்லிவிட்டார். சண்முகவள்ளி அன்று இரவு சோறு போடும்போது அமைதியாகக் கேட்டார்.

“தோப்பு மூணுதான் போகும்னு தேங்காய்க்குத் தெரியல. அஞ்சுன்னு நீங்க விட்ட ரீலு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுச்சு?”

ராமர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். பிறகு தரகன்தான் பொய் சொல்கிறான், தேங்காய் பொய் சொல்லாது என்றார். குறைகிற இரண்டு லட்சத்துக்கு நகையை அடகு வைக்கலாம் என்றும் சொன்னார்.

தோப்பு சண்முகவள்ளி பெயரில் இருந்ததால் அவர் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் சித்தர் சும்மா சாபம் விடவில்லை. மறுநாள் ராமர் செம்பட்டியில் பழைய பரோட்டாவைத் தின்றுவிட்டு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பழி பரோட்டா மேல் விழவில்லை, சமைத்த கைமேல் விழுந்தது. மாடு பால் குறைத்தது. அதற்கும் அவர்தான் காரணம். நாத்தனார் போன் போட்டு, கட்டிய புருசனைவிட நாலு தென்னை பெரிசாகப் போய்விட்டதா என்று கேட்டார். இனி அந்த வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் சண்முகவள்ளியின் சாம்பார்தான் குற்றவாளி. கையெழுத்துப் போட்டால் தோப்பு போகும். போடாவிட்டால் மானம் போகும். அவருக்கு ஆத்திரத்தில் அழுகைகூட வந்தது.

அழுது முடித்துவிட்டு யோசித்தார். இந்தத் தேங்காய் விஷயத்தில் முதல் தடவையாக ஒருவர் யோசித்தது அப்போதுதான்.

ராமர் சொன்ன பொய் தேங்காய்க்குள் போயிருக்கிறது. பொய்யைச் சொன்னது ராமர், கேட்டது பிரபு. அப்படியானால் வேறொரு பொய்யைப் பிரபுவின் காதில் போட்டால் அதுவும் தேங்காய்க்குள் போகவேண்டும்.

நாலு வீடு தள்ளி ஜெயமேரி டீச்சர் வீடு. டீச்சரின் கணவர் பாஸ்கல் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவர். பொய் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். அதனாலேயே யார் சொன்னாலும் நம்புவார். மாதா வேறு, சமையலறை வேறு என்று சொல்லி அவரும் டோக்கன் வாங்கி வந்துவிட்டார். அவருடைய ஓய்வுப் பணம் முழுவதையும் அடுப்படி கேட்டுவிடுமோ என்ற பயத்தில் டீச்சருக்குத் தூக்கம் இல்லை. சண்முகவள்ளி போய் விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் உடனே சம்மதித்தார். பாஸ்கலுக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று முடிவாயிற்று. அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் பஸ் ஸ்டாண்டில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான்.

பாஸ்கல் திண்டுக்கல் போயிருந்த நேரத்தில் பிரபு அளக்க வந்தார். அளந்தார், டீ குடித்தார், விசாரித்தார். எங்கள் கையில் எதுவும் இல்லை, குவைத்தில் இருக்கும் என் தம்பிதான் அடுப்படிக்கென்று பதினொரு லட்சம் அனுப்புகிறான் என்றார் டீச்சர். டீச்சருக்குத் தம்பியே கிடையாது. பிரபு டீயை உறிஞ்சிக்கொண்டே தம்பி பெயர் என்ன என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தே பழகிய டீச்சருக்கு அந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கொல்லையில் கட்டியிருந்த அவர்கள் வீட்டு நாய் அப்போது குரைத்தது.

“டோனி,” என்றார் டீச்சர். நாயின் பெயர் அது.

பிரபு போனபிறகு டீச்சர் சண்முகவள்ளியிடம் வந்து உட்கார்ந்தார். “இந்தப் பொய்க்கு நான் ஞாயித்துக்கெழம ஃபாதர்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன் வள்ளி. அந்தப் பய எங்க போய்ப் பண்ணுவான்னுதான் தெரியல,” என்றார்.

சண்முகவள்ளி வீட்டுக்குப் போய்க் கணவரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வருகிற வெள்ளிக்கிழமை தன்னோடு மண்டபத்துக்கு வரவேண்டும். அங்கே நடப்பதைப் பார்த்த பிறகும் தோப்பை விற்கத்தான் வேண்டும் என்றால், அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். ராமருக்கு இதில் நஷ்டம் இருப்பதாகத் தெரியவில்லை. தேங்காய் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுமா என்று விசாரிக்கும் எண்ணமும் அவருக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பாஸ்கலும் டீச்சரும் மேடை ஏறினார்கள். பாஸ்கல் அடுப்படித் தூசிப் பொட்டலத்தை நற்கருணை வாங்குகிறவர்போல இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். சித்தர் எண்ணத் தொடங்கினார். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏற ஏறப் பாஸ்கலின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பதினொன்றில் தேங்காய் எழுந்தது. இதுவரை அந்த மண்டபத்தில் எந்த அடுப்படியும் இவ்வளவு கேட்டதில்லை. கூட்டத்துக்குப் பெருமையாக இருந்தது.

இத்துடன் நிறுத்தியிருந்தால் சித்தர் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருப்பார். ஆனால் தொகை பெரிசு. தொகைக்கேற்ற மகிமையைக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார். கண்ணை மூடினார்.

“கடல் தாண்டி ஒரு சொந்தம் தெரியுதுங்க. டோனின்னு பேரு வருதுங்க. அந்தத் தங்கமான மனுசன் அனுப்பற காசுலதான் இந்த அடுப்பு எரியோணுமுங்க.”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பாஸ்கல் மட்டும் திருதிருவென்று விழித்தார். அவர் சித்தரை மடக்க நினைக்கவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டார்.

“சாமி, டோனி எங்க வீட்டு நாயிங்க. அதுக்கு ஏதுங்க பதினொரு லட்சம்?”

மைக் அவர் வாய்க்கு நேரே இருந்தது. மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. முதலில் ஒரு பெண் சிரித்தார். பிறகு சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. டீச்சர் மைக்கை வாங்கி, எனக்குத் தம்பியே இல்லை, அளக்க வந்த பிரபுவிடம் மட்டும் இந்தப் பொய்யைச் சொன்னேன், சித்தருக்கு வேறு வழியில் தெரிந்திருக்க முடியாது என்று சுருக்கமாகச் சொன்னார். ஓரத்தில் நின்ற பிரபு திடீரென்று செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார். அழைப்பு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் பழனிக்குமார் லேசுப்பட்டவரா? நானூறு அடிப் புழுதியிலிருந்தே தப்பி வந்தவர். அவர் சிரித்தார். தேங்காய் மனதைப் படிக்கிறது, அம்மணி மனதில் பொய்யை வைத்திருந்ததால் அது பொய்யைப் படித்தது, குற்றம் மனதுடையது என்றார். நம் மக்களைப் பற்றி என்ன சொல்ல? சிரித்த வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள். அதுவும் சரிதானே என்றார் ஒருவர். தெய்வ காரியத்தில் பொய் சொன்ன டீச்சரை இரண்டு பேர் முறைத்தார்கள். ராமர்கூட, பார்த்தாயா என்பதுபோல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

சண்முகவள்ளி எழுந்தார். தன் தோப்பில் பறித்த தேங்காய் ஒன்றைக் கையில் கொண்டு வந்திருந்தார். அதை மேடையில் வைத்தார்.

“மனசைப் படிக்கும்னா ரொம்ப நல்லதுங்க. நான் ஒரு தொகையை மனசுல வச்சிருக்கேன். பொய் இல்ல, நெசமான தொகை. அதுல தேங்காய நிப்பாட்டுங்க. நின்டுச்சுன்னா இப்பவே தோப்புக்குக் கையெழுத்துப் போடுறேன்.”

பிறகு மாற்றிச் சொல்லிவிட்டதாக யாரும் பேசக்கூடாது என்று, அந்தத் தொகையைப் பாஸ்கலின் காதில் சொன்னார். மண்டபத்தில் பொய் சொல்லத் தெரியாத ஆள் அவர்தான் என்பது இப்போதுதான் ஊரறிய நிரூபணமாகியிருந்தது. சொல்லிவிட்டு சண்முகவள்ளி மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். முகத்தைப் பார்த்து அளக்க முடியாது அல்லவா.

மறுக்க வழியில்லை, மொத்த மண்டபமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. சித்தர் சண்முகவள்ளி வைத்த தேங்காயை எடுத்துக் கையில் வைத்தார். ஒரு லட்சத்தில் ஆரம்பித்தார். அவசரமே இல்லாமல் ஏற்றிக்கொண்டு போனார். பிரபு சொன்ன கணக்கு அவருக்கு மறக்கவில்லை. ஆறே முக்காலில் தேங்காய் கம்பீரமாக எழுந்தது.

“இல்லைங்க சாமி,” என்றார் பாஸ்கல்.

சித்தர் தொண்டையைச் செருமினார். அம்மணி மனதை அலையவிடுகிறார், மறுபடி பார்க்கலாம் என்றார். இந்த முறை ஒன்றே முக்காலில் எழுந்தது. பாஸ்கல் வருத்தத்தோடு இல்லையென்று தலையை ஆட்டினார். மூன்றில் எழுந்தது. அதுவும் இல்லை. பத்தில் எழுந்தது. அதற்குப்பிறகு தேங்காய்க்கு எங்கே எழுவது, எங்கே படுப்பது என்றே தெரியவில்லை. சித்தரின் படிகமாலை வியர்வையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. முன்வரிசையிலிருந்து ஒருவர், தொகையை நீங்களே சொல்லிவிடுங்கள் என்று பாஸ்கலிடம் கேட்டார்.

“இருபத்தஞ்சு ரூபாய்ங்க,” என்றார் பாஸ்கல்.

சண்முகவள்ளி திரும்பினார். “அந்தத் தேங்காயோட வெலைங்க அது. எங்க தோப்புக் காய்க்கு வியாபாரி நேத்துக் குடுத்த வெலை. தன்னோட வெலையே தெரியாத தேங்காய்க்கு என் அடுப்படி வெலை எப்பிடித் தெரியும்?”

அப்புறம் ராமர் மெதுவாக மேடை ஏறினார். சித்தர் கையிலிருந்த தேங்காயை வாங்கித் தன் உள்ளங்கையில் படுக்க வைத்தார். விரல்களை யாருக்கும் தெரியாமல் லேசாக மடக்கினார். தேங்காய் குடுமியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது. மறுபடி படுக்க வைத்தார், மடக்கினார், நின்றது. தன் போர்க்கிணறு, அஞ்சு லட்சம், பரோட்டா எல்லாம் அந்த மனிதரின் முகத்தில் வரிசையாக வந்து போவதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

“இம்புட்டுத்தானா,” என்றார்.

அதற்குப் பிறகு ஸ்ரீ அக்னி கடைக்குத் தொகை கொடுத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மேடையை நோக்கி நடந்தார்கள். அடுப்படிச் சித்தர் மணமகள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அந்த மண்டபத்தில் அவ்வளவு வேகமாக அந்த அறைக்குள் ஓடிய மணமகள் எவரும் இருந்திருக்க மாட்டார். போலீஸ் வந்துதான் கதவு திறந்தது. வீடு வீடாக டீ குடித்துக் கேள்வி கேட்ட பிரபு, இப்போது போலீஸ் ஸ்டேஷனில் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஸ்ரீ அக்னி கடையின் ஷட்டர் இறங்கியது இறங்கியதுதான்.

சண்முகவள்ளியின் சமையலறை வேலை அடுத்த வாரமே தொடங்கியது. கொத்தனார் கருப்பணன் அவர் எதிர்பார்த்தபடியே சொன்ன தொகையைத் தாண்டினார். தனியாக எடுத்து வைத்த இருபதாயிரம் அதைத் தாங்கிக்கொண்டது. ஒன்றே முக்காலுக்குள் கூரை உயர்ந்தது, மேடை வந்தது, ஜன்னல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே தோப்பு அப்படியே நின்றது. முதல் நாள் அடுப்பு மூட்ட உள்ளே போனபோது பழைய பழக்கத்தில் தலையைக் குனிந்தவர், பிறகு மெல்ல நிமிர்ந்தார். எதுவும் இடிக்கவில்லை. அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மண்டபத்தில் ஆறே முக்கால் லட்சம் கேட்டு, ராமர் கையோடு வீட்டுக்கு வந்த தேங்காயை அன்று அவர் உடைத்தார். பாதியைத் துருவிப் பீன்ஸ் பொரியலில் போட்டார், மீதியைச் சட்னிக்கு அரைத்தார். ராமர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதோடு ஊர் திருந்திவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் வத்தலக்குண்டு ரோட்டில் ஒருவர் எலுமிச்சம்பழத்தை உருட்டி, மாடிக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர்த் தொட்டி வைக்கலாம் என்று சொல்கிறாராம். டோக்கன் கிடைப்பது சிரமமாம். வரிசையில் செம்பட்டியில் பார்த்த முகங்கள் சில தெரிந்தன என்று ஜெயமேரி டீச்சர் சொன்னார்.

அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தேங்காய்க்கு மூன்று கண் இருக்கிறது. மூன்றாலும் அது எதையும் பார்த்ததில்லை. உங்களுக்கு இருப்பது இரண்டுதான், அதற்குமேலே ஒரு மூளையும் இருக்கிறது. யாரிடமாவது டோக்கன் வாங்குவதற்கு முன் அவற்றை ஒரு தடவையாவது பயன்படுத்திப் பாருங்கள். தேங்காயைவிட அவை நிச்சயம் உருப்படியாக வேலை செய்யும்.